பனை கொடுக்காத மாதம்

தேரிக்காட்டு ஊர்களில் கிறிஸ்மஸ் வருவது பனை கைவிட்ட பிறகுதான். மாசி, பங்குனியில் பாளை விட்டு ஆவணி, புரட்டாசி வரை பதநீர் சுரந்த மரம், வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் ஓய்ந்துவிடும். மரம் வழுக்கும், ஏற முடியாது. பதநீர் காய்ச்சும் விடிலியில் அடுப்பு அணைந்திருக்கும். முருக்குத்தடியும் அருவாப்பெட்டியும் சுவரோரம் கிடக்கும். கோடையில் காய்ச்சிய கருப்பட்டியில் பெரும்பங்கு முன்பணம் தந்த வியாபாரியின் கணக்குக்குப் போயிருக்கும். மிச்சம் வைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செலவழிக்கும் மாதம் டிசம்பர். மண்ணுக்குள் இருக்கும் பனங்கிழங்கும் முற்ற வேண்டும். அதற்குத் தை பிறக்க வேண்டும்.

இயேசு பிறந்த நாளை டிசம்பர் 25 என்று நான்காம் நூற்றாண்டில் ரோமாபுரியில் குறித்தவர்களுக்குப் பனைமரத்தைத் தெரியாது. அவர்கள் நாட்டில் அறுப்பு முடிந்து, குதிர் நிறைந்து, வெளிவேலை ஓய்ந்த காலம் அது. அதே தேதி நாசரேத்துக்கும் மெஞ்ஞானபுரத்துக்கும் இடையன்குடிக்கும் சுவிசேஷபுரத்துக்கும் கப்பலேறி வந்தபோது, பனையேறிக் குடும்பங்களின் வெறுங்கை மாதத்தில் வந்து விழுந்தது. முகம் சுளிக்காமல் பண்டிகை கொண்டாடினார்கள் என்று சொன்னால் பொய். கடன் வாங்கினார்கள். பிள்ளைக்குச் சட்டை தைக்கும்போது அடுத்த வருஷத்துக்கும் ஆகும்படி தொளதொளவென்று தைத்தார்கள். கிறிஸ்மஸ் அன்று கறி எடுக்க முடியாத வீடுகள் இருந்தன. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் வந்தது. வராமலும் இருந்திருக்கும். நன்றி சொல்வதற்கு வேண்டிய எதுவும் கையில் இல்லாத மாதத்தில் நன்றி சொல்லப் பழகிய ஒரு சபையிலிருந்து வந்தவன் நான். அந்தப் பழக்கம் எப்படி வேலை செய்தது என்பதை இந்த வயதில்தான் யோசிக்கிறேன்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் கைப்பிடி அரிசி என்று ஒன்று உண்டு. உலை கொதிக்கும். உழக்கால் அரிசி அளந்து முறத்தில் கொட்டியாகிவிடும். கல் பொறுக்கிக் களைவதற்கு முன்னால், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை அள்ளித் தனியாக ஒரு தகர டப்பாவில் போட்டுவிடுவார்கள். வேளாவேளைக்கு இப்படிச் சேர்ந்ததை ஞாயிற்றுக்கிழமை மஞ்சப்பையில் கட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் கொட்டவேண்டும். மூட்டையாகச் சேர்ந்ததும் அதை விற்பார்கள். பணம் ஊழியத்துக்குப் போகும். மிசோரத்திலும் இதே வழக்கம் உண்டு. அங்கே இதற்குப் புஃபாய் தம் என்று பெயர், 1910இல் தொடங்கியது.

கோயில் பெட்டியில் சேரும் அந்த அரிசியைக் கிட்டத்தில் பார்க்கவேண்டும். புழுங்கல், பச்சரிசி, ரேஷன் அரிசி, கல்யாண வீட்டுக்கு வாங்கி மிஞ்சிய பொன்னி, குருணை, அங்கங்கே ஒரு நெல், ஒன்றிரண்டு வண்டு. ஒன்று வேகும்போது இன்னொன்று குழைந்துபோகும் என்பதால் சோறாக்க ஆகாது. வாங்கியவர்கள் ஊறவைத்து இட்லிக்கு ஆட்டுவார்கள், இல்லையென்றால் கோழிக்குப் போடுவார்கள். வசதியான வீட்டு அரிசி எது, இரவல் அரிசி எது என்று அந்தப் பெட்டியில் கைவிட்டு எவராலும் பிரிக்க முடியாது. காணிக்கைக் கவரில் பெயரும் தொகையும் எழுதி, அதை ஆராதனையில் வாசிக்கும் வழக்கத்தைப் பிற்பாடு பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பெட்டி நினைவுக்கு வருவதுண்டு.

சிறுவயதில் எனக்கு ஒரு சந்தேகம். வீட்டில் அரிசி தட்டுப்பாடான நாளிலும் ஆச்சி முதலில் பிடி அரிசியை எடுத்தாள். எல்லாரும் சாப்பிட்டு மிஞ்சினால் எடுத்துவைக்கலாமே என்று கேட்டேன். “உலையில போட்ட பொறவு எடுக்க முடியுமாய்யா?” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள். அதில் அவள் எந்தத் தத்துவமும் சொல்லவில்லை. சமையல்காரியின் நடைமுறைதான். ஆனால் லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் முதல் இரண்டு அதிகாரங்களை வாசிக்கும்போது, அதில் வரும் எல்லாரும் ஆச்சியின் ஒழுங்கில்தான் நன்றி சொல்கிறார்கள் என்பது தெரிகிறது. சோறு வெந்தபின் அல்ல, உலையில் போடுமுன்.

மரியாள் பாடுவது குழந்தை பிறப்பதற்கு முன்பே. வயிறுகூடப் பெரிதாகியிராத ஒரு நாசரேத்துப் பெண், மலைநாட்டில் இருக்கும் உறவுக்காரி வீட்டில் நின்று, பலவான்கள் ஆசனத்திலிருந்து தள்ளப்பட்டார்கள் என்றும் பசித்தவர்கள் நிறைந்தார்கள் என்றும் முடிந்துபோன காரியம்போலப் பாடுகிறாள். ஒரு பலவானும் தள்ளப்படவில்லை. ஏரோது அரண்மனையில்தான் இருந்தான். சிமியோன் கதையும் அப்படியே. ஆண்டவருடைய கிறிஸ்துவைக் காணுமுன் சாவு வராது என்ற வாக்கை வைத்துக்கொண்டு காத்திருந்தவன். ஓவியர்கள் எல்லாரும் அவனுக்கு வெள்ளைத்தாடி வரைந்திருக்கிறார்கள். லூக்கா அவன் வயதைச் சொல்லவேயில்லை. வயது சொல்லப்பட்டிருப்பது அன்னாளுக்கு, 84. கலியாணமாகி ஏழே வருஷத்தில் தாலியறுத்து, ஆலயமே கதியென்று கிடந்தவள்.

இத்தனை காத்திருப்புக்குப் பிறகு அவர்கள் கண்டது என்ன? 40 நாள் குழந்தை ஒன்று. சுத்திகரிப்புக் காணிக்கை கொடுக்க வந்த தாய் தகப்பன் கையில் இரண்டு பறவை. லேவியராகமத்தின்படி ஒரு வயது ஆட்டுக்குட்டி கொடுக்கவேண்டும். அதற்கு வக்கில்லாதவர்கள் புறாவோ காட்டுப்புறாவோ இரண்டு கொடுக்கலாம். ஏரோதின் ஆட்சி அன்றும் இருந்தது, மறுநாளும் இருந்தது. குழந்தை பேசவில்லை, அற்புதம் செய்யவில்லை. சிமியோன் அதைக் கையில் வாங்கி, போதும், இனி நான் போகலாம் என்கிறான். அந்தக் குழந்தை என்ன ஆகப்போகிறது என்பதைப் பார்க்க அவன் இருக்கப்போவதில்லை. பலனைப் பார்த்துவிட்டுச் சொல்லும் நன்றி எல்லாருக்கும் வரும், அது ஒருவகை ரசீது. சிமியோனுடையது ரசீதில் சேராது. மாலை ஆராதனையில் மரியாளின் பாட்டையும் சிமியோனின் பாட்டையும் ராகமாக இழுத்து ஓதிப் பழகிய எங்களுக்கு, இந்தச் சங்கடம் காதில் விழாமலே போய்விட்டது.

சிமியோன் பாடிய கையோடு மரியாளைப் பார்த்து இன்னொன்றும் சொல்கிறான்: உன் ஆத்துமாவை ஒரு பட்டயம் உருவிப்போகும் என்று. பச்சை உடம்புக்காரியிடம் சொல்லும் பேச்சா அது? கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டைகளில் அந்த வசனம் அச்சாகி நான் பார்த்ததில்லை. நன்றியையும் பட்டயத்தையும் ஒரே மூச்சில் சொன்னதால்தான் நான் சிமியோனை நம்புகிறேன்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்மஸுக்கு மறுநாள் காலை. குமரிக் கடற்கரையில் கொட்டில்பாடு, குளச்சல், மணக்குடி என்று வரிசையாக இருக்கும் ஊர்களில் பெரும்பாலும் கத்தோலிக்க மீனவர்கள். வீட்டு முகப்பில் நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது, குடிலில் சுரூபங்கள் இருந்தன, பண்டிகைப் பலகாரம் டப்பாவில் மிச்சம் இருந்தது. கடல் ஏறி வந்தது. மணக்குடியில் கீழூரையும் மேலூரையும் இணைத்த பாலத்தையே அடித்துக்கொண்டு போனது. பிள்ளைகள்தான் அதிகம் போனார்கள் என்று எந்த ஊரில் கேட்டாலும் சொல்வார்கள்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் கோயில் கோயிலாகச் சாட்சிகள் கேட்டேன். அன்றைக்கு வேளாங்கண்ணிக்குப் போகவேண்டியது, பஸ் தவறிவிட்டது, கர்த்தர் காத்தார். கடற்கரைக்குக் கிளம்பினோம், பிள்ளைக்குக் காய்ச்சல், போகவில்லை, ஸ்தோத்திரம். சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. உயிர் தப்பியவனின் நடுக்கம் அது, அவனுக்கு அந்த வார்த்தையைத் தவிர வேறு வார்த்தை தெரியாது. ஆனால் அதே பெஞ்சில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் உட்கார்ந்திருந்தால் அந்த ஸ்தோத்திரம் அவள் காதில் எப்படி விழும்? உன்னைக் காத்தவர் என் பிள்ளையை ஏன் காக்கவில்லை என்று அவள் கேட்டால் மேடையில் நிற்பவரிடம் பதில் கிடையாது. தனக்கு மட்டும் வாய்த்ததற்காகச் சொல்லும் நன்றி, வாய்க்காதவரை இன்னொரு முறை அடிக்கிறது. உவமையில் வரும் பரிசேயன் ஆலயத்தில் நின்று சொன்னதும் நன்றிதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

திருச்சபையின் பழைய நாட்காட்டி இந்த விஷயத்தில் நம்மைவிட நேர்மையானது. கிறிஸ்மஸ் முடிந்து மூன்றாம் நாள், டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகள் விழா. ஏரோதின் வாளுக்குப் பெத்லகேமில் பலியான இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் நாள். அந்த இடத்தில் மத்தேயு எரேமியாவிலிருந்து ராகேலைக் கூட்டிவருகிறான்: பிள்ளைகளுக்காக அழுகிறவள், ஆறுதல் வேண்டாம் என்கிறவள். மத்தேயு அவளைத் தேற்ற முயலவில்லை. எல்லாம் நன்மைக்கே என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அவளை அழவிட்டு, அடுத்த காரியத்துக்குப் போகிறான். விசுவாசம் என்பதில் ராகேலின் மறுப்புக்கும் இடம் உண்டு என்றே எடுத்துக்கொள்கிறேன். அவளிடம் போய்ப் பொறுமையாக இருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பொறுமை என்ற சொல்லே நம் ஊரில் சந்தேகத்துக்கு உரியது. யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று பார்த்தால் போதும். கூலி கேட்டவனுக்குச் சொன்னார்கள், அடிபட்ட மனைவிக்குச் சொன்னார்கள், கோயிலில் பின்வரிசையில் உட்காரவைக்கப்பட்டவனுக்குச் சொன்னார்கள். மேல் இடத்தில் இருப்பவருக்கு யாரும் பொறுமையைப் பிரசங்கிப்பதில்லை. மரியாளின் பாட்டை ஒழுங்காகக் கேட்டிருந்தால் இந்தப் பிரசங்கங்களில் பாதி நின்றுபோயிருக்கும். அவள் காத்திருக்கிறாள், ஆனால் இருப்பதை ஒத்துக்கொண்டு காத்திருக்கவில்லை.

காத்திருப்பைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் இடையன்குடிக்கு ஒருமுறை போய்வாருங்கள். மிஷனரி கால்டுவெல் அங்கே வந்தது 1841 கடைசியில். பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்கு 1847இல் அடிக்கல் நாட்டினார். பிரதிஷ்டை 1880 ஜூலை 6. நடுவில் 33 வருஷம். (33 என்றதும் பிரசங்கியார்கள் இயேசுவின் வயதுக்குத் தாவிவிடுவார்கள். வேண்டாம். பணமும் ஆளும் கிடைத்தபோது கட்டினார்கள், கிடைக்காதபோது நின்றது, அவ்வளவுதான்.) அந்த இடைவெளிக்குள் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்து, 1875இல் இரண்டாம் பதிப்பும் வந்துவிட்டது. 1877இல் அவர் பிஷப் ஆனார். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் அரித்தது. அவர் மனைவி எலைசா தொடங்கிய பெண்கள் பள்ளியில், ஒரு தலைமுறைப் பெண்கள் எழுத்தோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொண்டார்கள். முடிந்துபோன கோயில் இல்லாமல், முடியாத கோயிலோடுதான் அந்த ஊர் அத்தனை கிறிஸ்மஸையும் கண்டது.

கால்டுவெல்லைப் பற்றி எழுதும்போது நம் ஆட்களுக்குக் கை நடுங்கும்; ஒன்று தலையில் வைப்பார்கள், இல்லை தரையில் போட்டு மிதிப்பார்கள். அவர் 1849இல் வெளியிட்ட சிறுநூல் எந்த மக்களோடு வாழ்ந்தாரோ அந்த மக்களையே இழிவுபடுத்தியது. பெரிய எதிர்ப்பு கிளம்பியது. மிஷனரிகளோடு முறித்துக்கொண்ட அருமைநாயகம் சட்டம்பிள்ளை 1857இல் பிரகாசபுரத்தில் தனிச்சபையே தொடங்கினார். பொறுமை காக்க மறுத்த அந்தக் கிறிஸ்தவனுக்கும் இந்த வரலாற்றில் இடம் இருக்கிறது. கோயில் வரலாற்று மலர்கள் அவரை ஓரிரு வரியில் முடித்துவிடுகின்றன.

எனக்கு இடையன்குடியில் நினைவு போவது வேறு ஆட்களிடம். 1847இல் மண் சுமந்த ஒரு பெண்ணுக்கு அப்போது 30 வயது என்றால், பிரதிஷ்டை ஆராதனையன்று 63. பஞ்சமும் பேதியும் பிரசவமும் இருந்த காலத்தில் அத்தனை வயதுவரை இருந்தவர்கள் குறைவு. சுமந்தவர்களில் பலர் கூரையைப் பார்க்கவில்லை. அடிக்கல் நாட்டிய அன்றைக்கு ஸ்தோத்திர ஆராதனை நடந்திருக்கும். அதில் பாடியவர்கள் பெரும்பாலும் அந்தக் கோயிலுக்குள் ஒருநாளும் முழங்கால்படியிடாதவர்கள். அவர்கள் ஏமாந்துபோனார்கள் என்று என்னால் நினைக்க முடியவில்லை. பனை வைக்கிற ஊர்க்காரர்கள் அவர்கள். இன்று ஊன்றும் பனங்கொட்டை ஏறும் மரமாவதற்குப் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகும் என்பதும், ஊன்றுகிறவன் வேறு, ஏறுகிறவன் வேறு என்பதும் அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கிறிஸ்மஸில் உண்மையில் பொறுமையாக இருப்பது யார் என்று கேட்டால், கடவுள்தான் என்று சொல்வேன். வந்து இறங்கியவர் மறுநாளே வேலையைத் தொடங்கவில்லை. எல்லாக் குழந்தையும்போல ஒன்பது மாதம் வயிற்றில் இருந்தார். தவழ்ந்தார், பல் முளைத்திருக்கும், விழுந்து முட்டியைச் சிராய்த்திருப்பார். 12 வயதில் ஆலயத்தில் தொலைந்து கண்டுபிடிக்கப்பட்டார். அதன்பின் ஏறக்குறைய 30 வயதுவரை ஓரிரு வரிக்கு மேல் சுவிசேஷங்களில் இல்லை. உலகத்தை மீட்க வந்தவருக்குத் தச்சுப்பட்டறையில் அத்தனை வருஷம் என்ன வேலை? நுகத்தடி இழைத்தார், கதவு மாட்டினார், கூலி பாக்கி வசூலித்தார் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்திலும் கலிலேயாவில் குஷ்டரோகிகள் இருந்தார்கள், பசித்தவர்கள் இருந்தார்கள். அவர் இன்னும் வெளியே வரவில்லை. இது என்னைத் தேற்றும் அளவுக்கே தொந்தரவும் செய்கிறது. தேற்றுவதை மட்டும் எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை.

ஆண்டவரே அவசரப்படாத பண்டிகையை நாம்தான் விரட்டுகிறோம். வருகையின் காலம் என்று நான்கு ஞாயிறு குறித்திருக்கிறார்கள். பீடத்தில் ஊதா விரிப்பு, கத்தோலிக்கப் பூசையில் ‘உன்னதங்களிலே’ என்ற கீதம் நிறுத்திவைக்கப்படும், கிறிஸ்மஸ் இரவுவரை ஞாயிறுகளில் அதற்கு வாய்ப்பூட்டு. பாட்டை அடக்கிவைத்திருப்பதும் ஓர் ஆயத்தம். ஹாம்பர்கில் ஆதரவற்ற சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய விக்கெர்ன், கிறிஸ்மஸ் எப்போது வரும் என்ற நச்சரிப்பு தாங்காமல் 1839இல் ஒரு மரச்சக்கரத்தில் மெழுகுவத்திகளைச் செருகினார்: ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை, வார நாட்களுக்கு இருபது சிறிய சிவப்பு. நாளுக்கு ஒன்றுதான் ஏற்றலாம். இன்றைய வருகைக்கால வளையத்தின் முன்னோடி அதுவே.

நாம் என்ன செய்கிறோம்? நவம்பர் பாதியிலேயே ஜவுளிக்கடையில் ஜிங்கிள் பெல்ஸ். டிசம்பர் முதல் வாரத்தில் அலுவலகக் கிறிஸ்மஸ், பள்ளிக் கிறிஸ்மஸ், வாலிபர் சங்கக் கிறிஸ்மஸ், குடியிருப்போர் சங்கக் கிறிஸ்மஸ், எல்லாவற்றிலும் கேக். கேரல் ரவுண்ட்ஸ் வண்டி இரவு ஒரு மணிக்கு ஒலிபெருக்கியோடு தெருவுக்குள் நுழைந்து, கிறிஸ்தவர் அல்லாத வீட்டுக் கைக்குழந்தையையும் எழுப்பிவிட்டுப் போகும். (நானும் அந்த வண்டியில் டோலக் அடித்தவன்தான். சுகமான நாட்கள்.) 25ஆம் தேதி விடியற்கால ஆராதனைக்குக் கிளம்பும்போது பாதிப் பேருக்குத் தொண்டை கட்டியிருக்கும், மீதிப் பேர் பிரசங்கத்தில் உறங்குவார்கள். கறிக்குழம்பு சாப்பிட்டுப் படுத்தால் பண்டிகை முடிந்தது. அப்போதுதான் அது தொடங்குகிறது என்கிறது நாட்காட்டி. அங்கிருந்து ஜனவரி 6, சாஸ்திரிகள் வந்து சேரும்வரை பன்னிரண்டு நாள். அந்த நாட்களை வருஷக் கடைசி உடன்படிக்கை ஆராதனைக்கும் வாக்குத்தத்த அட்டைக்கும் தூக்கிக் கொடுத்துவிட்டோம். இனி வரப்போகும் ஆசீர்வாதத்தைப் பற்றிய பேச்சில், வந்த பிள்ளையை மறந்துபோகிறோம்.

எங்கள் வீட்டில் நட்சத்திரத்தை ஜனவரி 6க்கு முன்னால் இறக்குவதில்லை என்று வைத்திருக்கிறேன். கரண்ட் பில்லைக் காட்டி வருஷந்தோறும் ஒரு முணுமுணுப்பு எழும். மாடிவீட்டுக்காரர் சைவர், நல்ல மனிதர். போன தடவை படியிறங்கும்போது, “என்ன சார், உங்க பண்டிகை இன்னும் முடியலையா?” என்று கேட்டார். இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்றேன். பலகாரம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று அடுத்து கேட்டார். முந்திரிக்கொத்து இருந்தது.